குவார்ட்டர்பேக் பந்தைத் தொலைத்தால் எத்தனை புள்ளி கழிக்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஃபேன்டஸி ஃபுட்பாலில் இன்டர்செப்ஷனுக்கு 2 புள்ளி கழித்தால் போதும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த மறுப்புகளும் கேள்விகளும் ஒரு கட்டு சேர்ந்துவிட்டதால், இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். இந்த விளையாட்டைப் பின்தொடராதவர்களுக்காகச் சில சொற்கள்: அமெரிக்காவின் என்எஃப்எல் வீரர்களை ஏலத்திலோ, முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டிலோ எடுத்து நாமே ஒரு கற்பனை அணி அமைக்கிறோம், வாரந்தோறும் அவர்கள் களத்தில் செய்வதற்கேற்ப நம் அணிக்குப் புள்ளி ஏறும், இறங்கும். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அதைப் பிடிக்க ஓடும் சக வீரர் ரிசீவர். பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் டச்டவுன். அவர் எறிந்ததை எதிரணி பிடித்துக்கொண்டால் இன்டர்செப்ஷன். கையில் இருக்கும் பந்து நழுவி விழுந்தால் ஃபம்பிள். எப்படியானாலும் பந்து எதிரணி வசம் போனால் அது டர்னோவர்.

கேள்வி: நாங்கள் அலுவலக நண்பர்கள் 12 பேர் பல ஆண்டுகளாக ஒரு லீக் நடத்துகிறோம். யாஹூவில் ஆடியவரை இன்டர்செப்ஷனுக்கு 1 புள்ளிதான் கழிந்தது. இந்த ஆண்டு ஈஎஸ்பிஎன்னுக்கு மாறினோம், அங்கே 2. இதைப் பார்த்த எங்கள் கமிஷனர் (லீக்கை நிர்வகிப்பவர்), "2 கூடக் கண்துடைப்புதான், நிஜ ஆட்டத்தில் ஒரே ஒரு இன்டர்செப்ஷன் போட்டியையே கவிழ்த்துவிடுகிறது, 4 ஆக்குவோம்" என்கிறார். எது நியாயமான எண்?
— ஒரு வாசகர், டாலஸ்

பதில்: 2 என்றுதான் மறுபடியும் சொல்வேன். ஆனால் இம்முறை ஒரு வரியில் தப்பிக்கப் போவதில்லை.

ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எண்ணை வைத்திருக்கிறது. யாஹூவில் 1, ஈஎஸ்பிஎன்னில் 2, பணம் கட்டி நாள்தோறும் ஆடும் ஃபேன்டூயலிலும் டிராஃப்ட்கிங்ஸிலும் 1. தளம் கொடுத்த எண்ணை ஆண்டுக்கணக்கில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தளம் மாறும்போதுதான் அது யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த எண் என்பதே நினைவுக்கு வருகிறது. ஆகவே தளங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, நிஜ ஆட்டத்தில் ஓர் இன்டர்செப்ஷன் எத்தனை யார்டுக்குச் சமம் என்று கேட்போம். ஏனெனில் யார்டுக்கு நம் எல்லா லீக்குகளிலும் விலை உண்டு: எறிந்து பெற்ற 25 யார்டுக்கு 1 புள்ளி.

பந்தெறிதலின் தரத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஒரு சூத்திரம் இருக்கிறது. எறிந்து பெற்ற யார்டுகளோடு ஒவ்வொரு டச்டவுனுக்கும் 20 யார்டு கூட்டி, ஒவ்வோர் இன்டர்செப்ஷனுக்கும் 45 யார்டு கழித்து, வருவதை மொத்த எறிதல்களால் வகுப்பார்கள். பந்து கைமாறுவதால் போகும் இடத்தையும் புள்ளி எடுக்கும் வாய்ப்பையும் யார்டாக மாற்றிச் சொல்வதே அந்த 45. அதை 25-ஆல் வகுத்தால் 1.8 வருகிறது. ஈஎஸ்பிஎன்னின் 2 அதற்கு மிக அருகில் நிற்கிறது. யாஹூவின் 1 பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

உங்கள் கமிஷனரின் 4 வெறும் ஆவேசத்தில் பிறந்த எண் என்று தள்ளிவிட முடியாது. 1973-இல் என்எஃப்எல் ஏற்றுக்கொண்ட பழைய பாஸர் ரேட்டிங் (பந்தெறிபவரின் தர எண்) சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், ஓர் இன்டர்செப்ஷன் அங்கே 100 யார்டுக்குச் சமமாக இருக்கிறது. 25-ஆல் வகுத்தால் சரியாக 4. ஆனால் அந்தச் சூத்திரத்தை அமைத்தவர்கள் இன்டர்செப்ஷனால் ஓர் அணிக்கு எவ்வளவு நஷ்டம் என்று அளந்து அந்த எடையை வைக்கவில்லை. பந்தைச் சேர்ப்பித்த விகிதம், யார்டு, டச்டவுன், இன்டர்செப்ஷன் ஆகிய நான்கையும் ஒரே அளவுகோலுக்குள் கொண்டுவர, ஒவ்வொன்றிலும் அக்காலத்து நடுத்தர ஆட்டக்காரருக்கு 1 மதிப்பெண் கிடைக்கும்படி எடைகளைப் பொருத்தினார்கள். 100 எறிதலுக்கு ஐந்தரை இன்டர்செப்ஷன் கொடுத்தவரை நடுத்தரம் என்று அது கொள்கிறது. இன்றைய என்எஃப்எல்லில் ஐந்தரை கொடுப்பவர் இரண்டு மாதம் கூடக் களத்தில் நீடிக்க மாட்டார்.

இப்போது இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்துவோம். 2019-இல் டாம்பா பே அணியின் ஜேமிஸ் வின்ஸ்டன் 5,109 யார்டு எறிந்தார். 33 டச்டவுன், 30 இன்டர்செப்ஷன். ஒரே சீசனில் இரண்டிலும் முப்பதைத் தொட்டவர் அவருக்கு முன் எவருமில்லை. (சீசன் முடிந்த கையோடு அவர் கண்ணுக்கு லேசிக் சிகிச்சை செய்துகொண்டார் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அதற்கு முந்தைய ஆண்டு, 2018-இல், கிரீன் பே அணியின் ஆரன் ராட்ஜர்ஸ் 4,442 யார்டு, 25 டச்டவுன், வெறும் 2 இன்டர்செப்ஷன். டச்டவுனுக்கு 4 புள்ளி என்று வைத்து, ஓட்டத்தையும் ஃபம்பிளையும் விட்டுவிட்டு எறிதலை மட்டும் கணக்கிடுங்கள். கழிவு 1 என்றால் வின்ஸ்டனுக்கு 306.36, ராட்ஜர்ஸுக்கு 275.68, வின்ஸ்டன் 30 புள்ளிக்கு மேல் முன்னிலை. கழிவு 2 என்றால் 276.36-க்கு 273.68, ஏறக்குறைய சமம். 3 ஆக்கினால் ராட்ஜர்ஸ் 25 புள்ளி முந்துகிறார். 4 ஆக்கினால் 53 புள்ளி முந்துகிறார்.

மேலே சொன்ன யார்டுச் சூத்திரத்தின்படி, எறிதல் ஒன்றுக்கு வின்ஸ்டன் 7.06, ராட்ஜர்ஸ் 8.13. அதாவது எறிதலுக்கு எறிதல் ராட்ஜர்ஸே மேல். மொத்த யார்டிலும் டச்டவுனிலும் மட்டும் வின்ஸ்டன் முன்னே நின்றார். அந்தந்த சீசனில் வின்ஸ்டனின் அணி 7 வெற்றி 9 தோல்வி, ராட்ஜர்ஸின் அணி 6 வெற்றி 9 தோல்வி 1 சமன். இரண்டுமே பிளே-ஆஃப் பக்கம் போகவில்லை. ஓர் அணியின் வெற்றி தோல்வியை ஒருவர் தலையில் கட்டுவது தவறுதான், என்றாலும் 30 இன்டர்செப்ஷன் கொடுத்தவர் 30 புள்ளி முன்னிலையில் நிற்கும் கணக்கு எனக்குச் செரிக்கவில்லை. 2 கொடுத்தவர் 53 புள்ளி முந்தும் கணக்கும் செரிக்கவில்லை. நிறைய எறிந்து நிறையச் சேர்ப்பவரையும் குறைவாக எறிந்து பந்தைக் காப்பவரையும் ஒரே தட்டில் வைக்கும் எண் 2-ஐ ஒட்டித்தான் இருக்கிறது.

"அப்படியானால் டச்டவுனுக்கு அந்தச் சூத்திரம் 20 யார்டுதானே கொடுக்கிறது, அதற்கு 0.8 புள்ளிதானே தர வேண்டும்?" என்று உங்கள் கமிஷனர் மடக்கலாம், மடக்க வேண்டும். நாம் தருவது 4, அதாவது ஐந்து மடங்கு. அதே ஐந்து மடங்கை இன்டர்செப்ஷனுக்கும் போட்டால் கழிவு 9 ஆகிவிடும். அப்படி ஒரு லீக்கில் யாரும் இரண்டாம் வாரம் வரை இருக்க மாட்டார்கள். 2 என்பது கண்துடைப்பாகத் தோன்றுவதற்கு உண்மையான காரணம் இதுதான்: அது 25 யார்டுக்கு 1 என்ற விலைக்குப் பக்கத்தில் சரியாக இருக்கிறது, ஊதிப் பெருத்த டச்டவுனுக்குப் பக்கத்தில் சிறுத்துப்போகிறது. டச்டவுனைக் குறைக்க எவரும் சம்மதிக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சோபாவில் இருந்து துள்ளி எழுவதே அதற்காகத்தான். எறிந்த டச்டவுனுக்கும் 6 புள்ளி தரும் லீக் உங்களுடையது என்றால் மட்டும், கழிவை 3 ஆக்குங்கள். அதற்கு நான் கைதூக்குவேன்.

4 வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், அது யாரைத் தண்டிக்கும் என்பது. ஓடுகிற குவார்ட்டர்பேக்குகளுக்கு நம் புள்ளி முறை ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது: ஓடிய 10 யார்டுக்கே 1 புள்ளி, ஓடி எடுத்த டச்டவுனுக்கு 6. 2019-இல் பால்டிமோரின் லமார் ஜாக்சன் ஓடிச் சேர்த்த 1,206 யார்டு, எறிதலில் 3,015 யார்டுக்குச் சமம். அவர் அந்த ஆண்டு எறிந்ததே 401 முறை. கொடுத்த இன்டர்செப்ஷன் 6. கழிவை 2-இலிருந்து 4-க்கு உயர்த்தினால் அவர் முழு சீசனிலும் இழப்பது 12 புள்ளி. நின்ற இடத்திலிருந்து 600 முறை எறிந்து பிழைப்பவர் அதைப் போல இரு மடங்கு, மும்மடங்கு இழப்பார். ஓடுபவர்களில் பந்தைத் தாராளமாகக் கொடுப்பவரையும் 4 பெரிதாக அசைக்காது. 2023-இல் பஃபலோவின் ஜாஷ் ஆலன் 18 இன்டர்செப்ஷன் கொடுத்தும் ஃபேன்டஸியில் குவார்ட்டர்பேக்குகளில் முதலிடத்தில் முடித்தார். அவர் ஓடி எடுத்த 15 டச்டவுனே 90 புள்ளி. உங்கள் கமிஷனரின் விதிப்படி 72 புள்ளி கழித்தாலும் 18 மிஞ்சியிருக்கும்.

கேள்வி: இரவு பதினொன்றரைக்குத் தொடங்கும் ஆட்டத்தை விழித்திருந்து பார்க்கும் சிறு கூட்டத்தில் நானும் ஒருவன். டி20 ஃபேன்டஸியில் பேட்டர் டக் அவுட்டானால் 2 புள்ளி போகும். இங்கேயும் 2. இரண்டும் ஒன்றுதானா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: எண் ஒன்றுதான், ஆனால் குணம் வேறு. டக் அவுட் ஓர் இன்னிங்ஸில் ஒரே முறைதான் நேரும். பேட்டர் அதோடு பெவிலியன் போய்விடுவார். குவார்ட்டர்பேக் இன்டர்செப்ஷன் கொடுத்துவிட்டு, அடுத்த முறை பந்து தன் அணிக்கு வந்ததும் மறுபடியும் இறங்கி மறுபடியும் எறிவார். பயிற்சியாளரின் பொறுமை எவ்வளவோ அவ்வளவு முறை கொடுக்கலாம். அதற்கான சான்று அடுத்த கடிதத்திலேயே இருக்கிறது.

கேள்வி: நேராக ரிசீவரின் மார்புக்கு வந்த பந்து அவர் கையில் பட்டு எகிறி எதிரணியிடம் போகிறது. தவறு ரிசீவருடையது, புள்ளி போவது குவார்ட்டர்பேக்கை வைத்திருக்கும் எனக்கு. இதற்கு விதிவிலக்கு வைக்கக் கூடாதா?
— ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, விதிவிலக்கு மட்டும் வேண்டாம்.

2017 நவம்பர் 19 அன்று பஃபலோ பில்ஸ் அணி, வழக்கமாக ஆடும் டைரோட் டெய்லரை உட்கார வைத்துவிட்டு, நேத்தன் பீட்டர்மன் என்ற முதலாண்டு வீரரை லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுக்கு எதிராக முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து இறக்கியது. முதல் இன்டர்செப்ஷன் நீங்கள் சொல்கிற அதே வகைதான்: பந்து சக வீரர் பேட்ரிக் டிமார்கோவின் கைகளில் பட்டு எகிறியது, சார்ஜர்ஸின் கோரி டூமர் அதைப் பிடித்துக்கொண்டு ஓடி டச்டவுனே எடுத்துவிட்டார். பாவம் அந்தப் பையன் என்று பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் இடைவேளைக்குள் இன்னும் நான்கு வந்தன. 14 முறை எறிந்து 6 மட்டும் சேர்ந்தன, 66 யார்டு, 5 இன்டர்செப்ஷன். இரண்டாம் பாதியில் டெய்லர் திரும்ப வந்தார். ஆட்டம் 54–24 என முடிந்தது. எறிதலை மட்டும் எடுத்துக்கொண்டால் பீட்டர்மனின் கணக்கு மைனஸ் 7.36. முதல் இன்டர்செப்ஷனை மன்னித்துவிட்டால் மைனஸ் 5.36. அவரை நம்பி இறக்கியவருக்கு அந்த 2 புள்ளி எந்த ஆறுதலையும் தந்திருக்காது.

என்எஃப்எல்லின் அதிகாரபூர்வக் கணக்கில், பந்து யார் கையில் பட்டு எகிறினாலும் இன்டர்செப்ஷன் எறிந்தவர் பெயரில்தான் எழுதப்படும். அதை மாற்றி நாம் ஒரு தனிக் கணக்கு வைக்கத் தொடங்கினால், இன்னொரு கணக்கையும் வைத்தாக வேண்டும்: எதிரணிக்காரரின் நெஞ்சில் நேராக எறிந்து, அவர் அதை நழுவவிட்டதால் தப்பித்த பந்துகள். அவற்றுக்காக எந்தக் குவார்ட்டர்பேக்கும் புள்ளி இழப்பதில்லை. எந்த ஃபேன்டஸி உரிமையாளரும் அதற்காகக் கமிஷனருக்குக் கடிதம் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. புரோ ஃபுட்பால் ஃபோகஸ் போன்ற நிறுவனங்கள் ஒவ்வோர் எறிதலையும் காணொளியில் பார்த்து, எது பறிபோகத் தகுந்த எறிதல், எது தற்செயல் என்று தரம் பிரித்து வைக்கின்றன. படிக்கச் சுவையானது. ஆனால் அது ஒருவர் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு. 12 பேர் கொண்ட லீக்கில் அதை வைத்துப் புள்ளி கழித்தால் திங்கட்கிழமை காலை நட்பு மிஞ்சாது.

பாதி ஆட்டம் முடியும் கடைசி நொடியில் 60 யார்டுக்குத் தூக்கி எறியும் குருட்டுப் பந்துக்கும் இதே விதிதான். எனக்கே ஒரு முறை அரையிறுதியில் 0.8 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. என் குவார்ட்டர்பேக் இடைவேளைக்கு முன் அப்படி எறிந்த ஒரு பந்தை எதிரணி பிடித்ததில் 2 புள்ளி போயிருந்தது. நிஜ ஆட்டத்தில் அந்த இன்டர்செப்ஷனால் ஒரு தூசிகூட அசையவில்லை. நான்காம் டவுனில், அதாவது பந்தை முன்னேற்றக் கிடைக்கும் கடைசி வாய்ப்பில், வேறு வழியின்றி நீளமாக எறிந்து பறிகொடுக்கும் பந்தும் அப்படித்தான். பந்தை உதைத்து அந்தப் பக்கம் அனுப்பியதற்கு ஏறக்குறையச் சமம், சில சமயம் சும்மா தரையில் விழுவதைவிட நல்லது. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கழிவை 2-இல் நிறுத்தச் சொல்கிறேன். எண் சிறியதாக இருந்தால் இத்தகைய அநியாயங்களும் சிறியதாகவே இருக்கும். 4 என்றால் அன்று நான் இழந்தது இரு மடங்கு.

கேள்வி: பறிகொடுத்த பந்தை எதிரணி அப்படியே எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன் எடுத்தால், அந்த பிக்-சிக்ஸுக்குக் கூடுதலாக 2 புள்ளி கழிக்க வேண்டும் என்று எங்கள் லீக்கில் ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. ஆதரிக்கலாமா?
— ஒரு வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: வேண்டாம்.

மறுபடியும் வின்ஸ்டன்தான். 2019 டிசம்பர் 29, சீசனின் கடைசி ஆட்டம், அட்லாண்டாவுக்கு எதிராக. ஆட்டம் 22–22 என்று கூடுதல் நேரத்துக்குப் போகிறது. பந்து டாம்பா பேயிடம். வின்ஸ்டன் எறிந்த முதல் பந்தையே டியான் ஜோன்ஸ் பறித்து ஓடி டச்டவுன் எடுக்க, ஆட்டமும் சீசனும் அங்கேயே முடிந்தன. அதுதான் அவருடைய முப்பதாவது இன்டர்செப்ஷன். அந்த சீசனின் ஏழாவது பிக்-சிக்ஸ், அதுவும் ஒரு சாதனை. டாம்பா பே சீருடையில் அவர் எறிந்த கடைசிப் பந்தும் அதுவே. இப்படி ஒரு காட்சியைப் பார்த்த பிறகு கூடுதல் தண்டனை கேட்கத் தோன்றுவது இயல்பு.

ஆனால் எண்ணிக்கையைக் கவனியுங்கள். வரலாற்றிலேயே மோசமான ஆண்டில் 7. பெரும்பாலானவர்களுக்கு ஒரு சீசனில் ஒன்றோ இரண்டோ, அல்லது ஒன்றுமே இல்லை. அவ்வளவு அரிதாக நேர்வதற்கு விதி வைத்தால் அது திறமையை அளக்காது. எந்த வாரம் யார் தலையில் இடி விழுந்தது என்பதை மட்டும் பதிவு செய்யும். பறித்தவர் டச்டவுன் வரை ஓடினாரா, பத்து யார்டில் விழுந்தாரா என்பதில் குவார்ட்டர்பேக்கின் பங்கு முழுக்க இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓரக்கோட்டை நோக்கித் தாமதமாக எறியும் குட்டைப் பந்துதான் பெரும்பாலும் பிக்-சிக்ஸ் ஆகிறது, ஏனெனில் அதைப் பறிப்பவருக்கு முன்னால் ஆளே இருப்பதில்லை. அந்த அளவுக்குத் தவறு அவருடையதுதான். எனினும் மிச்சமெல்லாம் பறித்தவரின் கால் வேகமும், துரத்தும் தடுப்பு வீரர்களின் மூச்சும்.

இன்னொன்று: ஓர் அணியின் டிஃபென்ஸை, அதாவது தடுத்தாடுபவர்கள் எல்லோரையும் சேர்த்து, ஒரே யூனிட்டாக எடுக்கும் லீக்குகளில், அந்த இன்டர்செப்ஷனுக்கு 2 புள்ளியும் டச்டவுனுக்கு 6 புள்ளியும் எதிரணி டிஃபென்ஸை வைத்திருப்பவருக்கு ஏற்கெனவே போய்விடுகிறது. அந்த வாரம் அவரே உங்கள் எதிராளி என்றால் ஒரே எறிதலில் 10 புள்ளி திரும்புகிறது. அதை 12 ஆக்க வேண்டுமென்று துடிப்பவர் அந்த டிஃபென்ஸை வைத்திருப்பவராகத்தான் இருப்பார்.

கேள்வி: இன்டர்செப்ஷனைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஃபம்பிளை என்ன செய்வது? எங்கள் லீக்கில் பந்து எதிரணியிடம் போனால் மட்டும் 2 கழிகிறது. தன் அணிக்காரரே எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை.
— ஒரு வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: இதில்தான் தளங்களின் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. இழந்த ஃபம்பிளுக்கு யாஹூ, ஈஎஸ்பிஎன், ஃபேன்டூயல் மூன்றும் 2 கழிக்கின்றன, டிராஃப்ட்கிங்ஸ் 1. நான் விதி எழுதினால், யார் எடுத்தாலும் ஃபம்பிள் ஒவ்வொன்றுக்கும் 1 என்று எழுதுவேன்.

நீள்வட்டப் பந்து தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று எவராலும் சொல்ல முடியாது. நீண்ட காலக் கணக்கில் ஏறக்குறையப் பாதி ஃபம்பிள்களை விட்டவரின் அணியே மீட்கிறது, மற்ற பாதியை எதிரணி எடுக்கிறது. இந்த ஆண்டு நிறைய மீட்ட அணி அடுத்த ஆண்டும் மீட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பந்தை நழுவவிட்டது குவார்ட்டர்பேக்கின் செயல். பிறகு நடப்பது காசு சுண்டிப் போடுவது. இழந்ததற்கு மட்டும் 2 என்றாலும், எல்லாவற்றுக்கும் 1 என்றாலும் சீசன் முடிவில் கழிவது ஏறக்குறைய ஒன்றுதான். பின்னதில் வாரத்துக்கு வாரம் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் குறையும். பிரெட் ஃபாவ்ர் தம் வாழ்நாளில் 166 முறை பந்தை நழுவவிட்டார். இன்டர்செப்ஷனிலும் 336 என்ற சாதனை அவருடையதே. 166 முறை காசு சுண்டினால் தலையும் பூவும் சமமாகிவிடும். பதினான்கு வாரத்தில், நான்கைந்து ஃபம்பிளில், சமமாகாது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது உண்டு. பந்தைப் பின்னால் தள்ளித் தருபவர் சொதப்பியதும் சில சமயம் குவார்ட்டர்பேக் பெயரில் ஃபம்பிளாக ஏறும். தானே விட்டுத் தானே எடுத்து, அதே ஓட்டத்தில் எறிந்து டச்டவுனும் வாங்கித் தந்தவருக்கு 1 கழிந்தால் லீக்கில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 2012 நன்றி நவிலல் நாளில் நியூயார்க் ஜெட்ஸின் மார்க் சான்செஸ், தன் அணியின் தடுப்பு வீரர் பிராண்டன் மூரின் பின்புறத்தில் போய் முட்டிப் பந்தை நழுவவிட, நியூ இங்கிலாந்தின் ஸ்டீவ் கிரெகரி அதை எடுத்து 32 யார்டு ஓடி டச்டவுன் ஆக்கினார். நாடே வயிறு வலிக்கச் சிரித்த அந்த ஃபம்பிளுக்கும், நடுக்களத்தில் யாரும் கவனிக்காத ஒரு ஃபம்பிளுக்கும், என் விதிப்படி ஒரே 1 புள்ளிதான். சான்செஸின் தவறு முட்டியது. கிரெகரி பக்கத்தில் நின்றது அவர் தவறல்ல.

இன்டர்செப்ஷனுக்கு 2, ஃபம்பிளுக்கு 1 என்று வைத்தால் இரண்டும் டர்னோவர் தானே, ஏன் பாரபட்சம் என்று கேட்பீர்கள். இன்டர்செப்ஷன் என்றாலே பந்து போய்விட்டது என்று பொருள். ஃபம்பிளில் பாதிதான் போகிறது. பாதிக்குப் பாதி விலை.

கேள்வி: இவ்வளவு கணக்குப் பார்ப்பவர்கள், பந்தை அள்ளிக் கொடுக்கும் ஒருவரை டிராஃப்டில் முதல் ஆளாக எடுப்பார்களா?
— ஒரு வாசகி, சிகாகோ

பதில்: இந்த விளையாட்டின் முதல் டிராஃப்டிலேயே எடுத்தார்கள். ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான பில் விங்கன்பாக், 1962-இல் அணியோடு நியூயார்க் போயிருந்தபோது ஒரு ஹோட்டலில் நண்பர்களோடு உட்கார்ந்து இந்த விளையாட்டின் விதிகளை வகுத்தார். 1963-இல் ஓக்லாந்தில் எட்டு அணிகளோடு முதல் டிராஃப்ட் நடந்தது. முதலில் எடுக்கப்பட்டவர் ஹூஸ்டன் ஆயிலர்ஸின் ஜார்ஜ் பிளாண்டா. அதற்கு முந்தைய சீசனில், 1962-இல், அவர் 14 ஆட்டத்தில் கொடுத்த இன்டர்செப்ஷன் 42. இன்றுவரை அதை எவரும் மிஞ்சவில்லை. வின்ஸ்டன்கூட 12 குறைவு.

பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் அதே சீசனில் பிளாண்டா 27 டச்டவுன் எறிந்திருந்தார். பந்தை உதைத்துப் பெறும் புள்ளிகளும் அவர் காலிலிருந்தே வந்தன. அவருடைய அணி 11 ஆட்டம் வென்று 3 மட்டும் தோற்று, அவர்கள் ஆடிய லீக்கின் இறுதி ஆட்டம் வரை போய், இரண்டாவது கூடுதல் நேரத்தில் 20–17 என்று டாலஸ் டெக்ஸன்ஸிடம் தோற்றது. அந்த இறுதி ஆட்டத்தில் அவர் கொடுத்தவை 5. எறிதலை மட்டும் எடுத்துப் பார்த்தால், நம் 2 அவருடைய சீசனிலிருந்து 84 புள்ளியைக் கழித்திருக்கும். டச்டவுன்கள் தந்திருக்கக்கூடிய 108-ஐ அது முழுதாக விழுங்கவில்லை. டாலஸ் கமிஷனரின் 4 என்றால் 168.

கேள்வி: எங்கள் லீக்கில் ஐந்து வாரம் முடிந்துவிட்டது. ஆறாம் வாரத்திலிருந்து கழிவை 1-இலிருந்து 2 ஆக்கலாம் என்கிறார் கமிஷனர். நீங்கள் சொல்லும் எண்ணே 2 என்பதால் ஆதரிப்பீர்கள் என நினைக்கிறேன்.
— ஒரு வாசகர், ராலே, வட கரோலைனா

பதில்: மாட்டேன். கழிவு 1 என்று நம்பித்தான் ஒருவர் துணிந்து எறியும் குவார்ட்டர்பேக்கை டிராஃப்டில் எடுத்தார். இன்னொருவர் அதே நம்பிக்கையில் வீரர்களை மாற்றிக்கொண்டார். அந்த விலைகளெல்லாம் பழைய விதியின் விலைகள். சீசன் முடிந்த பிறகு, அடுத்த டிராஃப்டில் யார் எத்தனாவது இடம் என்பது தெரிவதற்கு முன், வாக்கெடுப்பு வைத்து மாற்றுங்கள். அதற்கிடையில் ஐந்தாம் வாரத்தில் உங்கள் கமிஷனர் யாரிடம் தோற்றார், அந்த எதிராளியின் குவார்ட்டர்பேக் எத்தனை இன்டர்செப்ஷன் கொடுத்தும் அவரைத் தோற்கடித்தார் என்று மட்டும் கொஞ்சம் பார்த்து எழுதுங்களேன்.